வாடகை, மின்கட்டணம், அட்வான்ஸ்: ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை (வாசகர் கேள்வி–பதில்)

குடியிருப்பு வீடுகளின் வாடகை ஒப்பந்தம் குறித்துச் சில வாரங்களாகத் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. எழுதியவர்களில் வீட்டு உரிமையாளர்களும் இருக்கிறார்கள், வாடகைக்குக் குடியிருப்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பாரின் மனத்தாங்கலும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது என்பது கடிதங்களைச் சேர்த்துப் படிக்கும்போது தெரிகிறது. தொகை எவ்வளவு என்பதை எழுதிக்கொள்கிறார்கள். அந்தத் தொகை எந்த மாதத்துக்கு, எந்தக் கணக்கின்படி என்பதை வாய்ப்பேச்சில் விட்டுவிடுகிறார்கள். ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டு மாடியில் புதிதாக ஒரு பகுதி கட்டி, முதன்முறையாக வாடகைக்கு விடப்போகிறோம். மாத வாடகை 15,000 ரூபாய் என்று பேசியிருக்கிறோம். கடையில் கிடைக்கும் அச்சிட்ட படிவத்தை வாங்கி நிரப்பினால் போதும் என்கிறார் வீட்டுத் தரகர். வாடகை பற்றி அதில் ‘பிரதி மாதம் 5-ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டியது’ என்ற ஒரு வரிதான் இருக்கிறது. இது போதுமா?
(தாம்பரம் வாசகி)

பதில்: போதாது, அம்மா. ஜூன் 5-ஆம் தேதி உங்கள் கைக்கு வரும் பணம் மே மாத வாடகையா, ஜூன் மாத வாடகையா என்பது அந்த வரியில் இல்லை. குடியிருக்கும் காலம் முழுவதும் இதை யாரும் கேட்க மாட்டார்கள். வீட்டைக் காலி செய்யும் மாதத்தில்தான், ஒரு மாத வாடகை பாக்கி நிற்கிறது என்று நீங்களும், எல்லாம் கொடுத்தாகிவிட்டது என்று அவர்களும் சொல்ல நேரும். இருவர் சொல்வதும் அவரவர் மனத்தில் உண்மையாகவே இருக்கும். எனவே ‘ஒவ்வொரு ஆங்கில மாதத்துக்கும் உரிய வாடகையை அந்த மாதத்தின் 5-ஆம் தேதிக்குள் முன்கூட்டியே செலுத்த வேண்டும்’ என்றோ, ‘மாதம் முடிந்தபின் அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும்’ என்றோ, இரண்டில் ஒன்றைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

குடிவருபவர் மாதத்தின் நடுவில் சாவி வாங்கினால் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே எழுதலாம். ஜூன் 19-ஆம் தேதி சாவி கொடுக்கிறீர்கள் என்றால், அந்த மாதத்தில் எஞ்சியிருப்பவை 12 நாள்கள். 15,000 ரூபாயை 30 நாளால் வகுத்தால் நாளுக்கு 500 ரூபாய். 12 நாளுக்கு 6,000 ரூபாய். அந்தத் தொகையை முதலில் வாங்கிக்கொண்டு, ஜூலை முதல் தேதியிலிருந்து முழு மாதக் கணக்கைத் தொடங்கிவிட்டால், பின்னாளில் ‘19 முதல் 18 வரை’ என்று விரல்விட்டு எண்ணும் தொல்லை இருக்காது. மின்கட்டணம், பராமரிப்புத் தொகை எல்லாவற்றுக்கும் மாதத் தொடக்கமே எளிய எல்லை.

பணம் எந்த வழியில் வர வேண்டும் என்பதும் முக்கியம். வங்கிக் கணக்கு எண்ணையும் கிளையையும் ஒப்பந்தத்திலேயே குறிப்பிட்டு, ‘பணம் உரிமையாளரின் கணக்கில் வரவு வைக்கப்படும் நாளே செலுத்திய நாளாகக் கொள்ளப்படும்’ என்று ஒரு வரி சேருங்கள். குடும்பத்தில் வேறொருவர் கணக்குக்கோ கைப்பேசி எண்ணுக்கோ பணம் அனுப்பச் சொல்வதாக இருந்தால், அதையும் எழுத்தில் கொடுப்பதே முறை. தந்தை பெயரில் ஒப்பந்தம் இருக்க, மகன் கணக்குக்கு வாடகை போய்க்கொண்டிருக்கும் வீடுகள் நிறைய உண்டு. பாகப்பிரிவினை என்று வரும்போது குடியிருப்பவர்தான் யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நடுவில் நிற்கிறார்.

தாமதத்துக்கு ஒரு தொகை விதிக்க விரும்பினால் விதிக்கலாம். ஆனால் நாளுக்கு 500 ரூபாய் என்றெல்லாம் அச்சுறுத்தலாக எழுதுவதால் பயனில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74-ஆவது பிரிவில், ஒப்பந்தத்தில் எழுதியுள்ள தண்டத்தொகையை உச்சவரம்பாக மட்டுமே கொண்டு, அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் பெற வழிசெய்கிறது. கெடு முடிந்தபின் ஐந்து நாள் சலுகை, அதன் பிறகு நிலுவைத் தொகைக்கு இன்ன வீதத்தில் வட்டி என்று மிதமாக எழுதினால் அது நிற்கும். சம்பளம் பத்தாம் தேதி வரும் இடத்தில் வேலை பார்ப்பவர் என்றால் கெடுவையே 12-ஆம் தேதியாக வைத்துவிடுவது அதைவிட நல்லது. மாதந்தோறும் கெடு தவறுவதாகவே அமையும் ஒரு தேதியை எழுதி வைத்துக்கொண்டு, மாதந்தோறும் மனம் வருந்துவதில் என்ன இருக்கிறது?

வாடகை உயர்வுக்கும் இதே கவனம் தேவை. ‘ஆண்டுக்கு 5 சதவீதம்’ என்றால் முதலில் பேசிய வாடகைமீதா, அப்போது நடப்பில் உள்ள வாடகைமீதா என்று குறிப்பிடுங்கள். நடப்பு வாடகைமீது என்றால் 15,000 ரூபாய் அடுத்த ஆண்டு 15,750 ஆகும். அதற்கடுத்த ஆண்டு 16,537 ரூபாய் 50 காசு. பதினோரு மாத ஒப்பந்தத்தில் ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் உயர்த்துவது என்று எழுதினால், அது ஆண்டு உயர்வு ஆகாது என்பதையும் இரு தரப்பாரும் அறிந்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளில், ஆண்டுக்கணக்கில் நான்கு முறை உயர வேண்டிய வாடகை, பதினோரு மாதக் கணக்கில் ஐந்து முறை உயர்ந்துவிடும். பேசும்போது ‘வருஷத்துக்கு’ என்று சொல்லிவிட்டு எழுதும்போது ‘புதுப்பிக்கும்போது’ என்று எழுதுவது பலர் கவனிக்காமல் கையெழுத்துப் போடும் இடம்.

பதினோரு மாதம் என்ற வழக்கம் பதிவுச் சட்டத்திலிருந்து வந்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் அதற்குக் கீழே நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டின் நகர்ப்புறப் பகுதிகளில் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, காலம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து பதிவு எண்ணும் பெற வேண்டும். இதற்கு அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதினோரு மாதம்தானே என்று பதிவைத் தவிர்ப்பவர்கள், வழக்கு என்று வரும்போது அந்த ஒப்பந்தத்தைச் சான்றாக வைக்க முடியாமல் தவிக்கிறார்கள்.

கேள்வி: கீழே வீட்டு உரிமையாளரும் மேலே நாங்களும் குடியிருக்கிறோம். இரண்டு வீட்டுக்கும் ஒரே மின் இணைப்பு. எங்களுக்கு சப்-மீட்டர் வைத்திருக்கிறார்கள். யூனிட்டுக்கு 9 ரூபாய் வீதம் வாங்குகிறார். மின்வாரிய பில்லைக் கேட்டால் காட்டுவதில்லை. இந்த வீதம் சரிதானா? எப்படிக் கேட்பது?
(மதுரை வாசகர்)

பதில்: இம்முறை வந்த கடிதங்களில் மிக அதிகமானவை உங்கள் கேள்வியை ஒட்டியவையே. ஆகையால் சற்று விரிவாகவே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்து, படிநிலை வீதத்தில் கட்டணம் விதிக்கிறார்கள். முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. யூனிட் கூடக்கூட வீதம் ஏறும். இதில் பலரும் அறியாத ஒரு படி 500 யூனிட்டில் இருக்கிறது: மொத்தப் பயன்பாடு 500-ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமன்றி, 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்து வீதம் உயர்ந்துவிடும். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணப் பட்டியலின்படி, 500-க்குள் இருப்பவருக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 500-ஐத் தாண்டியவருக்கு அதே யூனிட்டுகள் 4 ரூபாய் 50 காசு. அதற்குப் பின் வீதங்கள் மாறியுள்ளன என்பதால், உங்கள் கணக்கை நடப்பு பில்லை வைத்தே போட வேண்டும். ஆனால் கணக்கு எப்படி ஓடுகிறது என்று பார்க்க 2022-ஆம் ஆண்டு வீதமே போதும்.

இரண்டு மாதத்தில் நீங்கள் 260 யூனிட்டும் உரிமையாளர் 280 யூனிட்டும் பயன்படுத்தியதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 540. முதல் 100 இலவசம். அடுத்த 300 யூனிட்டுக்கு 4.50 வீதம் 1,350 ரூபாய். அடுத்த 100-க்கு 6 ரூபாய் வீதம் 600. எஞ்சிய 40-க்கு 8 ரூபாய் வீதம் 320. ஆக 2,270 ரூபாய். யூனிட்டுக்கு 9 ரூபாய் என்றால் உங்களிடமிருந்து அவர் பெறுவது 2,340 ரூபாய். வீடு முழுவதற்கும் வந்த பில்லைவிட 70 ரூபாய் கூடுதலாக நீங்கள் ஒருவரே செலுத்திவிடுகிறீர்கள். கீழ்வீட்டின் 280 யூனிட்டும் அவருக்குச் செலவின்றிப் போகிறது. உரிமையாளர் ஏமாற்றவேண்டும் என்று நினைத்து இப்படிச் செய்வதாகக் கொள்ள வேண்டியதில்லை. பில்லின் கடைசிப் படியில் 8 ரூபாய் என்று கண்டதும் எல்லா யூனிட்டும் அந்த விலைதான் என்று நம்பி, ‘எதற்கும் ஒரு ரூபாய் கூட இருக்கட்டும்’ என்று வீதம் வைப்பவர்கள் பலர். எனவே சண்டையாகக் கேட்காமல், ஒரு தாளில் இந்தக் கணக்கை எழுதி அவர் முன் வையுங்கள்.

நியாயமான முறை, வாரிய பில் தொகையைப் பயன்பாட்டு விகிதத்தில் பிரிப்பது. 2,270 ரூபாயை 540-ஆல் வகுத்து 260-ஆல் பெருக்கினால் உங்கள் பங்கு 1,093 ரூபாய். இலவச யூனிட்டின் பயனும் இரு வீட்டுக்கும் விகிதப்படி கிடைத்துவிடுகிறது. ஒப்பந்தத்தில் இப்படி எழுதலாம்: ‘மின்வாரியம் கணக்கெடுக்கும் அதே நாளில் சப்-மீட்டர் அளவையும் இரு தரப்பாரும் குறித்துக்கொள்ள வேண்டும். வாரியம் விதிக்கும் மொத்த மின்கட்டணத்தை, மொத்த யூனிட்டில் சப்-மீட்டர் காட்டும் யூனிட்டின் விகிதப்படி வாடகைதாரர் செலுத்த வேண்டும். உரிமையாளர் ஒவ்வொரு முறையும் வாரிய பில்லின் நகலை வாடகைதாரருக்குத் தர வேண்டும்.’ இந்த மூன்று வாக்கியங்களில் எதையும் விட்டுவிடாதீர்கள். குறிப்பாக ‘அதே நாளில்’ என்ற சொல்லை. வாரியத்தின் கணக்கீடு 17-ஆம் தேதியும் உங்கள் சப்-மீட்டர் கணக்கு 1-ஆம் தேதியும் என்று இருந்தால், எந்த விகிதமும் ஒட்டாது.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. மேற்கண்ட 260 யூனிட்டும் 280 யூனிட்டும் தனித்தனி இணைப்பில் ஓடியிருந்தால், அதே 2022 வீதப்படி உங்கள் பில் 495 ரூபாய், அவருடைய பில் 585 ரூபாய். இரண்டும் சேர்ந்து 1,080 ரூபாய்தான். ஒரே இணைப்பில் வந்த 2,270 ரூபாயோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மேல்வீட்டுக்குத் தனி இணைப்பு கேட்டு உரிமையாளர் விண்ணப்பித்தால் அவருக்கே அதில் ஆதாயம் இருக்கிறது என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: தரைத்தளத்தில் தனி மீட்டருடன் குடியிருக்கிறோம். வீட்டில் நாங்கள் இருவர்தான், ஏ.சி. கிடையாது. ஆனாலும் மின்கட்டணம் மேல்தளத்தில் ஐந்து பேர் இருக்கும் வீட்டைவிடக் கூடுதலாக வருகிறது. என்ன காரணமாக இருக்கும்?
(திருச்சி வாசகி)

பதில்: மோட்டாராக இருக்கலாம். மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும், மாடிப்படி விளக்கும், வாசல் விளக்கும் தரைத்தள மீட்டரிலேயே இணைக்கப்பட்டிருப்பது பழைய வீடுகளில் சாதாரணம். இதைக் கண்டறிவது எளிது. உங்கள் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மோட்டாரைப் போடச் சொல்லுங்கள். மோட்டார் ஓடாவிட்டால் அதற்கு மின்சாரம் உங்கள் பக்கத்திலிருந்துதான் போகிறது. ஓடினால் உடனே நிம்மதி அடைந்துவிடாமல் மீட்டரையும் பாருங்கள். மெயின் சுவிட்சுக்கு முன்பே மீட்டரிலிருந்து நேராகக் கம்பி எடுத்திருந்தால், வீட்டில் எல்லாம் அணைந்திருக்கும்போதும் மீட்டரிலுள்ள சிறிய சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டே இருக்கும். மாடிப்படி விளக்கையும் அப்படியே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

உங்கள் மீட்டரில்தான் ஓடுகிறது என்று தெரிந்தால், பொது இணைப்புக்கு மாற்றித் தரும்படி உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். மாற்றும் வரையில், மோட்டாருக்கென்று ஒரு சப்-மீட்டர் வைத்து அந்த யூனிட்டை எல்லா வீட்டாரும் பகிர்ந்துகொள்வது என்றோ, மாதம் இவ்வளவு தொகையை உங்கள் வாடகையில் கழித்துக்கொள்வது என்றோ முடிவு செய்யலாம். கழிவு என்றால் அதை ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வாய்மொழியாகக் கழித்துக்கொண்டே போனால், இரண்டு ஆண்டு கழித்து அது ‘குறைத்துக் கட்டிய வாடகை’ என்று கணக்கில் நிற்கும்.

புதிதாக வீடு பார்ப்பவர்களும் இந்தச் சோதனையை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே செய்துவிடலாம். சாவி வாங்கும் நாளில் மீட்டரின் அளவைக் கைப்பேசியில் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். அந்த எண்ணும் மின் இணைப்பு எண்ணும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். முந்தையவர் விட்டுச்சென்ற பாக்கியும், இடையில் வீடு பூட்டியிருந்ததால் முந்தைய கணக்கீட்டின் அளவிலேயே போடப்பட்ட பில்லும் உங்கள் தலையில் விழாமல் இருக்க அது ஒன்றே சான்று. சில பில்களில் ‘கூடுதல் காப்புத்தொகை’ என்று ஓர் இனம் சேர்ந்து வரும். அது மின்சாரச் செலவு அன்று. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்கில் வாரியத்திடம் இருக்கும் வைப்புத்தொகை. எனவே அதை உரிமையாளரே ஏற்க வேண்டும் என்று எழுதிக்கொள்வதே பொருத்தம்.

கேள்வி: சொத்துவரி உயர்ந்துவிட்டது என்று கூறி, அரையாண்டு வரியில் பாதியைத் தரும்படி உரிமையாளர் கேட்கிறார். தர வேண்டுமா?
(சேலம் வாசகர்)

பதில்: ஒப்பந்தத்தில் நீங்கள் ஏற்றுக்கொண்டிருந்தாலன்றித் தர வேண்டியதில்லை. 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாட்டு நகரங்களில் சொத்துவரி, கட்டடத்தின் பரப்பளவைப் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தப்பட்டது என்பது உண்மைதான். உரிமையாளருக்கு அது சுமைதான். ஆனால் அந்தச் சுமையை அடுத்த வாடகை உயர்வைப் பேசும்போது முன்வைப்பதுதான் முறை. சென்னையில் குடிநீர் வாரியத்துக்குச் செலுத்தும் குடிநீர், கழிவுநீர் வரியும் இவ்வாறே சொத்தின் மதிப்பை வைத்து விதிக்கப்படுவது. அதை உரிமையாளர் கட்டுவதே இயல்பு. குடிநீர்க் கட்டணம் பயன்படுத்துபவருக்கு உரியது என்பதால் அதை வாடகைதாரர் ஏற்பதாக எழுதுவதில் தவறில்லை.

கேள்வி: வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறோம். ‘பராமரிப்புக் கட்டணம் வாடகைதாரர் பொறுப்பு’ என்று ஒப்பந்தத்தில் உள்ளது. மாதம் 2,500 ரூபாய் கட்டிவருகிறோம். இப்போது கோடைக்கால லாரித் தண்ணீருக்குத் தனித் தொகையும், வெளிச்சுவர் வண்ணம் பூச வீட்டுக்கு 20,000 ரூபாயும் சங்கத்தில் கேட்கிறார்கள். இரண்டும் எங்கள் பொறுப்பா?
(சென்னை வாசகர்)

பதில்: இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டாம். தண்ணீர் நீங்கள் அன்றாடம் செலவிடுவது. லாரித் தண்ணீரின் பங்கை நீங்கள் ஏற்பதே நியாயம். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, ஒழுங்காகப் பராமரிப்புக் கட்டணம் கட்டிவந்த குடும்பங்களும் தண்ணீருக்கென்று தனியே பெருந்தொகை கொடுக்க நேர்ந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு கோடை மறுபடி வந்தால், மாதம் இன்ன தொகைக்கு மேற்பட்டதை உரிமையாளரும் வாடகைதாரரும் பாதிப் பாதியாக ஏற்பது என்று முன்கூட்டியே எழுதிவைப்பது இரு தரப்புக்கும் நல்லது.

வெளிச்சுவர் வண்ணம் வேறு. அதன் பயன் கட்டடத்துக்கு, அதாவது சொத்துக்கு உரியவருக்கு. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையே கட்டமைப்புப் பழுதுகள், சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னல் வண்ணம், குழாய் மாற்றுதல், மின்கம்பி வேலை ஆகியவற்றை உரிமையாளர் பக்கத்திலும், குழாய் வாஷர், சுவிட்ச், கழிவறைச் சிறு பழுது, பூட்டு, கைப்பிடி போன்றவற்றை வாடகைதாரர் பக்கத்திலும் வைக்கிறது. ஆகவே 20,000 ரூபாயை உரிமையாளரிடம் அனுப்புங்கள். அடுத்த முறை ஒப்பந்தம் எழுதும்போது, ‘மாதாந்தரப் பராமரிப்புக் கட்டணம் வாடகைதாரருக்கு, சங்கத்தின் மூலநிதி, லிப்ட் மாற்றம், வண்ணப்பூச்சு உள்ளிட்ட ஒருமுறைச் செலவுகள் உரிமையாளருக்கு’ என்று பிரித்துவிடுங்கள். பராமரிப்புக் கட்டணம் சங்கத்துக்கு நேரடியாகச் செல்கிறதா, உரிமையாளர் வழியாகவா என்பதும் அதில் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் குடியிருப்பவர் மூன்று மாதமாக வாடகை தரவில்லை, மின்கட்டணத்தையும் நானே கட்டினேன். பீஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டால் தானாகக் காலி செய்வார் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா?
(கோவை வாசகர்)

பதில்: செய்யவே கூடாது. வாடகை பாக்கி எத்தனை மாதமாக இருந்தாலும் மின்சாரம், தண்ணீர் போன்ற இன்றியமையாத வசதிகளை உரிமையாளர் நிறுத்திவைப்பதை அதே 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அவர் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்தால் இணைப்பைத் திரும்பத் தரும்படி உங்களுக்கு இடைக்கால உத்தரவு வரலாம். அதுவரை பாக்கிக்காரராக இருந்தவர் அன்றிலிருந்து பாதிக்கப்பட்டவராகிவிடுவார். அந்த வீட்டில் குழந்தைகளும் முதியவர்களும் இருக்கக்கூடும் என்பதையும் தயவுசெய்து நினைத்துப் பாருங்கள்.

உங்களுக்கு நேர்வழியே இருக்கிறது. இரண்டு மாத வாடகையோ, ஒப்பந்தத்தில் உள்ள பிற கட்டணங்களோ நிலுவையில் இருந்தால், மாதவாரியாகத் தொகையைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்பு அறிவிப்பு அனுப்பலாம். அது கிடைத்த ஒரு மாதத்துக்குள் அவர் முழுவதையும் செலுத்தாவிட்டால், அதையே காரணமாகக் காட்டி வீட்டைத் திரும்பப் பெற வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். மின்கட்டணமும் இதில் சேர வேண்டுமானால், ‘வாடகைதாரர் செலுத்த வேண்டிய பிற கட்டணங்கள்’ என்று ஒப்பந்தத்தில் மின்கட்டணத்தைப் பெயர் சொல்லிக் குறித்திருக்க வேண்டும். நீங்கள் கட்டிய பில்களின் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: பத்து மாத அட்வான்ஸ் கொடுத்திருக்கிறோம். காலி செய்யும்போது உரிமையாளர் திருப்பித் தர இழுத்தடிப்பார் என்று பயந்து, கடைசி மூன்று மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லலாம் என்று நினைக்கிறோம். சரியா?
(சென்னை, குரோம்பேட்டை வாசகி)

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் நெடுநாள் வழக்கம். ஒரு நடுத்தரக் குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் அதில் முடங்கிக் கிடக்கிறது. சட்டம், வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் பாதுகாப்புத் தொகை வாங்கக் கூடாது என்கிறது. வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரரின் நிலுவைகளைக் கழித்துக்கொண்டு எஞ்சியதைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. புதிதாக ஒப்பந்தம் எழுதுபவர்கள் இந்த மூன்று மாத அளவைச் சுட்டிக்காட்டிப் பேசிப் பார்ப்பதில் தயக்கம் வேண்டியதில்லை.

ஆனால் நீங்களாகவே வாடகையை நிறுத்திவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் அனுமதி இல்லாமல் நிறுத்தினால் அது வாடகை பாக்கியாகவே கருதப்படும். அதன் விளைவை முந்தைய பதிலில் பார்த்தோம். உரிமையாளரின் அச்சமும் வெறும் கற்பனையன்று. மின்கணக்கீடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், நீங்கள் போன பிறகு வரும் பில்லில் உங்கள் பங்கு இருக்கும்; உடைந்த கதவும் அப்போதுதான் கண்ணில் படும். எனவே இருவரும் அமர்ந்து பேசி, ‘அறிவிப்புக் காலத்தின் கடைசி இரண்டு மாத வாடகை முன்பணத்தில் ஈடு செய்யப்படும், எஞ்சிய தொகையில், இறுதி மின்கட்டணத்துக்காக 3,000 ரூபாயை மட்டும் நிறுத்திவைத்து, மற்றதைச் சாவி ஒப்படைக்கும் நாளில் தர வேண்டும், நிறுத்திவைத்த தொகைக்கு அடுத்த மின்கணக்கீட்டின் பில்லைக் காட்டிக் கணக்கு முடிக்க வேண்டும்’ என்று இப்போதே ஒரு துணை ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். காலி செய்யும் நாளின் மீட்டர் அளவை இருவரும் சேர்ந்து படமெடுத்துவிட்டால், அடுத்த பில்லில் எத்தனை யூனிட் உங்களுடையது என்பது தானே தெரிந்துவிடும்.

வண்ணம் பூச ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அட்டவணைப்படி வெள்ளையடிப்பது உரிமையாளரின் வேலை. உங்கள் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் அது வேறு. எழுதாத நிலையில், ‘வழக்கம்’ என்ற ஒரு சொல்லுக்காக ஒரு மாத வாடகையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆணி அடித்துச் சுவரைப் பாழாக்கியிருந்தால் அந்தப் பழுதுக்கு உரிய செலவை ரசீதுடன் கழிப்பது மட்டுமே முறை.

கேள்வி: உரிமையாளர் வாடகையை ரொக்கமாகத்தான் வாங்குகிறார், ரசீது கேட்டால் ‘நம்பிக்கை இல்லையா?’ என்று வருத்தப்படுகிறார். அலுவலகத்தில் வீட்டு வாடகைப் படிக்கு ரசீது கேட்கிறார்கள். என்ன செய்வது?
(திருநெல்வேலி வாசகர்)

பதில்: வாடகை பெற்றவர் ரசீது தர வேண்டும் என்பது சட்டம் விதிக்கும் கடமை, நம்பிக்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். வங்கி வழியாகச் செலுத்தினால் வங்கிப் பதிவே சான்றாகிவிடும் என்பதால், அவருக்கும் ஒவ்வொரு மாதமும் எழுதிக் கொடுக்கும் சிரமம் இராது. அவர் வயது முதிர்ந்தவர், வங்கிக்குப் போய்வருவது இயலாது என்று உங்கள் கடிதத்தில் இருப்பதால், ஒரு சிறிய ரசீதுப் புத்தகத்தை நீங்களே வாங்கி, எந்த மாதத்துக்கான வாடகை, எந்தத் தேதியில் பெற்றது, மின்கட்டணம் தனியே எவ்வளவு என்பவற்றை நிரப்பிக் கொண்டுபோய்க் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்ளலாம். ரொக்கம் 5,000 ரூபாயைத் தாண்டினால் ரசீதில் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்டிக் கையெழுத்துப் பெற வேண்டும். வாடகையையும் மின்கட்டணத்தையும் ஒரே தொகையாக எழுதாதீர்கள். வீட்டு வாடகைப் படிக்கான வரிச்சலுகைக்கு வாடகை மட்டுமே கணக்கில் வரும். பழைய வரி முறையில் இந்தச் சலுகையைக் கோருபவர், ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண்ணையும் அலுவலகத்தில் தர வேண்டியிருக்கும். அதை ஆண்டுக் கடைசியில் அவசரமாகக் கேட்காமல், ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே கேட்டு அதில் குறித்துவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு அவர் ரசீதும் தராமல், வங்கி வழியாகவும் வாங்க மறுத்தால், வாடகையை வாடகை அதிகாரியிடம் செலுத்துவதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதற்கு முன்பு, வாடகை தர முன்வந்ததையும் அவர் ஏற்க மறுத்ததையும் குறிப்பிட்டு பெற்றுக்கொண்டதற்கான சான்றுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒரு கடிதம் அனுப்பி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.